நிரூபிக்க வேண்டியது யார்?

இரண்டு மாதம் முன்பு அம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மாதாமாதம் அவருக்கு வர வேண்டிய தொகை திடீரென்று நின்றுபோயிருந்தது. உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய விரல்ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சிவப்பு. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. நாற்பது வருடம் தையல் வேலை செய்து வழவழவென்று தேய்ந்துபோன விரல்கள் அவை.

கவுன்ட்டரில் இருந்த இளைஞர் நல்ல பையன்தான். "மெஷின் ஏத்துக்கலைம்மா, நான் என்ன பண்றது?" என்றார். ஒரு கை தூரத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார், மூச்சு விடுகிறார், அவருக்குப் பதில் சொல்கிறார். அப்படியும் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று அவரால் எழுத முடியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "நான் ஏதும் தப்பா வெச்சுட்டேனாடா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. தொழில்நுட்பமோ அறிவியலோ அரசியலோ, எந்தச் சண்டையைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். நிரூபிக்கும் பொறுப்பை இங்கே யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்?

அம்மா கேட்ட அதே கேள்வியை பிரிட்டனில் பல நூறு பேர் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். அங்கே துணை அஞ்சலகங்களைத் தனிநபர்கள் ஒப்பந்த முறையில் நடத்துவார்கள். 1999இலிருந்து அவற்றின் கணக்கு, ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற மென்பொருளுக்கு மாறியது. கடையை மூடும்போது கல்லாவில் எண்ணிய பணம் ஒன்றாக இருக்கும், திரை காட்டும் தொகை வேறாக இருக்கும். ஒரு பெண் நடத்துநருக்கு 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். அவர் கண்ணெதிரிலேயே 2,000 என்பது 4,000 ஆனது.

ஒப்பந்தப்படி குறைகிற பணத்தை நடத்துநர்தான் கட்ட வேண்டும். சேமிப்பை எடுத்தார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், சொந்தபந்தங்களிடம் கடன் வாங்கினார்கள். வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே, உங்களுக்கு மட்டும்தான் என்று பலருக்கும் பதில் வந்தது. ஒருவருக்கு அடுத்தவர் விஷயம் தெரியாது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் அதிகமானோர் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் ஒரு கர்ப்பிணியும் உண்டு. இந்த விவகாரத்தில் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வந்த பொது விசாரணை அறிக்கை சொன்னது.

மென்பொருளில் பிழை இருந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பிழை இல்லாத மென்பொருள் எங்கே இருக்கிறது? என்னைத் தூங்கவிடாமல் செய்தது சட்டம்தான். இங்கிலாந்தில் 1984இல் வந்த ஒரு சட்டத்தில், கணினிப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தால் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்றும் காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. இது வீண் சிரமம் என்று 1999இல் சட்டம் இயற்றி அதை எடுத்துவிட்டார்கள். ஹொரைசன் வந்த அதே வருடம். அதன் பிறகு, மறுக்க ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

சரி, மறுக்கும் ஆதாரம் யாரிடம் இருக்கும்? பிழைப் பட்டியல், உள்பதிவுகள், வெளியிலிருந்து யார் கணக்குக்குள் நுழைந்தார்கள் என்ற விவரம், எல்லாமே வழக்குப் போடும் அஞ்சல் நிறுவனத்திடமும் மென்பொருளைச் செய்த நிறுவனத்திடமும்தான். குறுக்குக் கேள்வி கேட்டால் இயந்திரம் பதில் சொல்லாது. மனிதர்தான் கூண்டில் நின்றார். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்து, அந்த மென்பொருளை நம்ப முடியாது என்று நீதிபதி எழுத 2019 டிசம்பர் ஆனது. இருபது வருடம்!

ஆஸ்திரேலியாவில் 2016இல் தொடங்கிய ரோபோடெட் திட்டமும் இதே ரகம். ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களாகச் சமமாகப் பிரித்து, நீ அதிகமாக உதவித்தொகை வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று ஏழைகளுக்குக் கடிதம் போனது. இரண்டு மாதம் வேலை, நாலு மாதம் சும்மா என்று இருப்பவர்களுக்கு அந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? இல்லை என்றால் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டு என்றார்கள். 2023இல் அரச விசாரணை ஆணையம் அந்த முறையை நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று எழுதியது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர் ஆயிரக்கணக்கானோரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தியதற்காக 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. மூன்று நாடுகளிலும் கட்சி வேறு, கொள்கை வேறு. சுமை இறங்கிய தலை மட்டும் ஒரே மாதிரியான தலை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய ஆரவாரத்தைப் பார்க்கிறேன். நானும் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன், நிறைய நேரம் மிச்சமாகிறது. ஆனால் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டும் பொறி அது. சரியான பதிலையும் இல்லாத ஒன்றையும் ஒரே குரலில், ஒரே தெளிவோடு சொல்லும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே கிடையாது. இவை உண்மையா என்று அதையே கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அங்கே ஒரு நீதிபதி இருந்ததால் பிடிபட்டது. ஒரு நோயாளியோ மாணவியோ தனியாக உட்கார்ந்து கேட்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வழக்கு இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். துக்கத்துக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், பிறகு விண்ணப்பித்தாலும் கட்டணச் சலுகை கிடைக்கும் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் அரட்டைப் பொறி (சாட்பாட்) தவறாகச் சொல்லிவிட்டது. அவர் கேட்டபோது நிறுவனம் பணம் தர மறுத்தது. தீர்ப்பாயத்தில் அது வைத்த வாதங்களில் ஒன்று, அந்தப் பொறி தனி ஆள் போல, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்பது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளத்தில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. தொகை சின்னது, ஆனால் அந்த வாதத்தை எழுதிய கையை நினைத்தால் பயமாக இருக்கிறது. லாபம் வந்தால் நிறுவனத்துக்கு, தவறு வந்தால் பொறிக்கு!

பெரியவர்கள் சொல்லும் ஆரூடங்களையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஜெஃப்ரி ஹின்டன் 2024இல் இயற்பியல் நோபல் பெற்றவர், இந்தத் துறையின் முன்னோடி. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் பொறி அவர்களைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும் என்று 2016இல் சொன்னார். கதிரியக்க மருத்துவர்கள் இன்றும் வேலையில் இருக்கிறார்கள், புதியவர்களும் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வேறு துறைக்குப் போன மாணவர் யாராவது இருந்தால், அவருக்கு யார் பதில் சொல்வது?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "எல்லாத்தையும் சந்தேகப்படு, விஞ்ஞானிகளும் பொய்தான் சொல்றாங்க, அதானே?" இல்லவே இல்லை. அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய கதையில், மக்களைக் காப்பாற்றியவர்கள் விஞ்ஞானிகள்தான்.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதை அது. இன்ஜின் தட்டாமல் ஓட ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்தார். 1924இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். உடனே மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஏற்கெனவே அவரே ஈய விஷத்தால் படுத்துத் தேறியவர். அடுத்த வருடம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். தொழில்துறைக்காகப் பேசிய ராபர்ட் கீஹோவின் நிலை வேறு: தீங்கு நிரூபிக்கப்படும்வரை விற்கலாம். ஈயம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தது யார் என்றால், அதே தொழில்துறை.

நிரூபிக்கும் சுமை குழந்தைகளின் தலைக்குப் போனது அப்போதுதான். ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற குழந்தை மருத்துவர் அதைத் தூக்கினார். ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும், ஆனால் பல்லில் தங்கிவிடும். அதனால் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். நோய் எதுவும் வெளியே தெரியாத பிள்ளைகளிலேயே, பல்லில் ஈயம் அதிகம் இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கவனமும் குறைவாக இருந்தன. 1979இல் வெளியிட்டார். பலன் என்ன தெரியுமா? அவர் மோசடி செய்தார் என்று புகார் கிளம்பி, பல்கலைக்கழக விசாரணையில் நிற்க வேண்டிவந்தது. மோசடி எதுவும் இல்லை என்று முடிவானது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது 2021இல். நூறு வருடக் கணக்கு இது.

1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பில் ஒரு வரி வருகிறது: "சந்தேகம்தான் நம்முடைய தயாரிப்பு." புகை கெடுதல்தானா என்று மக்களைச் சந்தேகப்பட வைப்பதே தங்கள் வேலை என்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, சந்தேகப்படுகிறவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கிறேன். என் சந்தேகத்தால் யாருக்கு ஆதாயம், விலை கொடுக்கப்போவது யார் என்று யோசிக்கிறேன்.

தடுப்பூசி விவகாரத்தில் நான் நண்பர்களோடு முரண்படுவதும் இங்கேதான். "பாதுகாப்பானதுன்னு நீ நிரூபி" என்கிறார்கள். நியாயமான கேள்வி. குழந்தையின் உடம்பில் ஏற்றுகிற மருந்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் பதில் வந்துவிட்டதே! ஆட்டிசத்தோடு தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, தொடர்பு இல்லை என்று 2019இல் எழுதினார்கள். கேட்டது கிடைத்த பிறகும் "நிரூபி, நிரூபி" என்று நிற்பவரைப் பார்த்தால் எனக்குக் கீஹோ ஞாபகம்தான் வருகிறது. தட்டம்மை வந்து மூச்சுத் திணறும் குழந்தை எந்த விவாதத்திலும் கலந்துகொள்ளவில்லை.

அதே நேரத்தில் அதிகாரபூர்வமாக வந்துவிட்டால் கைகட்டி நிற்கவும் என்னால் முடியாது. கோவிட் காற்றில் பரவுவது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் அடித்துச் சொன்னது. நானும் அதை நம்பி வீட்டில் சொன்னேன். காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஜன்னலைச் சாத்திவைத்திருந்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்ததன் விலையைக் கொடுத்தவர்கள் மூடிய அறைக்குள் வேலை செய்தவர்கள்.

அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஆய்வகத்திலிருந்து தவறி வந்திருக்கலாமோ என்று கேட்டவர்களைக்கூட 2020இல் சதிக்கதைக்காரர்கள் என்றார்கள். மனிதர் செய்தது என்று எழுதிய பதிவுகளை 2021 மே வரை முகநூல் நீக்கிக்கொண்டிருந்தது. பதில் தெரியாத ஒரு கேள்வியை நீக்கும் உரிமையை ஒரு விளம்பர நிறுவனத்துக்கு யார் கொடுத்தது?

அப்புறம், அம்மா விஷயம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். மறுபடி பத்து விரல், மறுபடி சிவப்பு. இந்த முறை நான் கெஞ்சவில்லை. "தம்பி, இவங்க நேர்ல வந்தாங்க, மெஷின் ரேகையை எடுக்கலைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். அவர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி எழுந்து வந்தார், அம்மாவின் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். ரேகை பதியாதவர்களை நேரில் பார்த்துச் சான்றளிப்பதற்கான படிவம். ஓரம் பழுத்துப்போன கட்டு, மேல் தாளில் தூசி.

அம்மா எழுத்துக்கூட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, அந்த இளைஞரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இது அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சா, தம்பி?"