கம்பியை எடுக்காம கயிறு சொருகாதீங்கய்யா!

வட சென்னையில எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுலயும் மணலி பக்கமும் தினம் டூவீலர் ஓட்டுறவங்களுக்குப் பஞ்சர்னா ஆணி இல்ல, கம்பி. குண்டூசியை விட மெல்லிசா, நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கன்டெய்னர் டிரெய்லரோட டயர் வெடிச்சு ரோட்டோரம் பாளம் பாளமா ரப்பர் கிடக்குது பாருங்க, அந்த ரேடியல் டயருக்குள்ள இருக்கிற எஃகு இழைதான் அது. மேல வண்டி ஏறி ஏறி ரப்பர் தூளாப் போயிடும், கம்பி மட்டும் அப்படியே கிடக்கும். ஹார்பருக்குப் போற டிரெய்லருங்க வரிசை கட்டி நின்னா நமக்குன்னு மிஞ்சுறது இடது ஓரம்தான். கம்பி வந்து ஒதுங்குறதும் அதே ஓரத்துலதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போனா கட்டுக்கம்பித் துண்டும் சேர்ந்துக்கும். மழை பேஞ்சா இன்னும் மோசம். தண்ணி எல்லாத்தையும் ஓரத்துக்கு அடிச்சிட்டு வரும், ஈர ரப்பர்ல இரும்பு வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கும்.

ரோடு நம்ம கையில இல்ல, விடுங்க. பஞ்சர் கடையில நடக்கிறதைத்தான் தாங்க முடியல.

கம்பி குத்தின ட்யூப்லெஸ் டயர் ஒரேயடியா இறங்காது. காத்து ராத்திரி பூரா மெதுவாக் கசிஞ்சு, காலையில பார்த்தா பாதிதான் இருக்கும். கடையில என்ன பண்றாங்க? காத்து அடிச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி, நுரை வர்ற இடத்தைக் கண்டுபிடிக்கிறாங்க. அது வரைக்கும் சரி. அடுத்த நிமிஷமே அரம் மாதிரி இருக்கிற அந்த முறுக்கு ஊசியை எடுத்துக் குத்தி, நாலு தடவை திருகி, துளையை அடைக்கிற ரப்பர் கயிறைச் சொருகி, நுனியை வெட்டிட்டு "ஆச்சுண்ணா"ங்கிறாங்க. உள்ள இருந்த கம்பி எங்கய்யா போச்சு? பாதி நேரம் ஊசி அதைப் பக்கவாட்டுல தள்ளிவிட்டிருக்கும். ரெண்டு நாள் ஓடினதும் பக்கத்துலயே இன்னொரு துளை போட்டுட்டு அது எட்டிப் பார்க்கும். திரும்ப அதே கடை, திரும்ப ஊசி, திரும்ப நூறு ரூபா.

அரை மில்லிமீட்டர் துளையை அஞ்சு மில்லிமீட்டர் ஆக்குறதுக்குப் பேர் ரிப்பேரா? அந்த ஊசி ரப்பரை மட்டும் கிழிக்கல, உள்ள இருக்கிற நைலான் இழையையும் சேர்த்து அறுக்குது. ஒரு விரக்கடைக்குள்ள மூணு கயிறு ஏறிட்டா அந்த இடத்துல டயருக்குப் பலமே இல்ல.

சரியான வழி இதுதான். நுரை வந்த இடத்தைச் சாக்பீஸால குறிச்சுக்கணும். வால்வு வாய்லயும் ரிம் விளிம்புலயும் சோப்புத் தண்ணி விட்டுப் பார்க்கணும், ஏன்னா பல நேரம் கசிவு அங்கதான் இருக்கும். கம்பி வெளிய தெரிஞ்சா ஊசிமூக்குக் குறடால இழுக்கணும். உள்ளயே முறிஞ்சிருந்தா டயரை ஒரு பக்கம் கழட்டித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது. உள்பக்கம் விரலை வெச்சுத் தடவாதீங்க, கிழிச்சிடும். பஞ்சை வெச்சுத் தடவினா கம்பி இருக்கிற இடத்துல இழை மாட்டி நிக்கும். அங்கிருந்து கம்பியைத் தள்ளி எடுத்துட்டு, உள்ளிருந்து மஷ்ரூம் பிளக் வைக்கணும். அதோட காம்பு துளையை அடைக்கும், தொப்பி உள்ள ஒட்டிக்கும். நேரம் ஆகும்தான். அதுக்குக் கூடக் காசு கேளுங்க, தர்றோம்! கயிறு அவசரத்துக்கு மட்டும். அதுவும் நடு டிரெட்ல, அதாவது ரோட்டுல படுற பட்டைல மட்டும். டிரெட் வளையுற தோள்பட்டைலயும் பக்கச் சுவர்லயும் கயிறு சொருகுறது ஆளைக் கொல்ற வேலை.

ட்யூப் வண்டிக்கும் இதே கதை. ட்யூப்பை உருவி, தண்ணித் தொட்டியில அமுக்கி, ஒட்டுப் போட்டுத் திரும்ப மாட்டிடுவாங்க. டயரை யாரும் பார்க்கிறதில்ல. ட்யூப்பை டயர் பக்கத்துல வெச்சு, வால்வையும் வால்வு துளையையும் நேராப் பிடிச்சா ஓட்டைக்கு நேரா டயர்ல கம்பி நிக்கிறது தெரிஞ்சிடும். ஒரு நிமிஷ வேலை. சொல்யூஷன் தடவினா அஞ்சு நிமிஷம் காய விடணும், தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அப்பதான் ஒட்டு வைக்கணும். ஈரத்தோட ஒட்டினா மே மாச வெயில்ல கழண்டு வரும். ஓட்டை ரெட்டையா, பக்கத்துல பக்கத்துல இருந்தா அது ஆணியோ கம்பியோ இல்ல, காத்துக் கம்மியா ஓட்டினதோ மாட்டும்போது லீவர் கடிச்சதோதான். மாட்டுறதுக்கு முன்னாடி ட்யூப்புக்குக் கொஞ்சம் காத்து கொடுத்தா லீவர் கடிக்காது.

இதுல பெரிய அநியாயம் ஒண்ணு இருக்கு. மூணு கயிறு சொருகினதும் "டயர் போச்சுண்ணா, ட்யூப் போட்டுக்கலாம்"னு ட்யூப்லெஸ் டயருக்குள்ள ட்யூப்பைத் திணிக்கிறாங்க. கம்பி இன்னும் உள்ளதான் இருக்கு! அது ட்யூப்பை முதல் வாரமே குத்தும். ட்யூப்லெஸ்னா காத்து மெதுவா இறங்கும், வண்டியை ஓரம் கட்ட நேரம் இருக்கும். ட்யூப்னா பொசுக்குனு இறங்கிடும். பின்னாடி டிரெய்லர் வரும்போது எர்ணாவூர் பாலத்து மேல அப்படி இறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுத்தான் பண்றாங்களா?

நிஜமாவே டயர் போச்சான்னு நீங்களே பார்க்கலாம். கழட்டும்போது உள்ள கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டினா, காத்தில்லாம ஓட்டிப் பக்கச் சுவர் அரைஞ்சிருக்குன்னு அர்த்தம், மாத்தியே ஆகணும். டிரெட் காடிக்குள்ள தேய்மானம் காட்டுற டி.டபிள்யூ.ஐ. மேடு டிரெட் மட்டத்துக்கு வந்துட்டாலும் மாத்தணும். தேய்ஞ்ச டயர்ல ரப்பர் மெல்லிசு, சின்னக் கம்பிகூட உள்ள எட்டிடும். அடிக்கடி பஞ்சர் ஆகுறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மாத்தப் போனா அங்கயும் தலையில கட்டுறாங்க. பல்சர் 150 பின்னாடி 100/90-17 (முதல் நம்பர் டயரோட அகலம்) கேட்டா, "120 போடுங்க, கிரிப்பா இருக்கும்"பாங்க. அதே ரிம்முல 120 ஏத்தினா டயர் இடுக்கப்பட்டு நடுவுல கூம்பிக்கும், ரோட்டுல படுற இடம் அதிகமாகாது. 120/80-17னா விட்டமும் 12 மில்லிமீட்டர் ஏறும். சைஸுக்குப் பக்கத்துல 55பி மாதிரி ஒண்ணு இருக்கும். 55னா 218 கிலோ தாங்கும், 'பி'ன்னா மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். பழைய டயர்ல இருக்கிறதை விடக் கம்மியான நம்பரை வாங்காதீங்க. பக்கச் சுவர்ல நாலு இலக்கத் தேதி இருக்கும். 2324னா 2024-ல 23-வது வாரம் செஞ்சது. மூணு வருஷம் குடோன்ல கிடந்ததைப் புதுசுன்னு கொடுத்தா வேணாம்னு திருப்பிக் கொடுங்க. மாட்டும்போது அம்புக்குறி சக்கரம் சுத்துற திசையில இருக்கணும், ட்யூப் வண்டின்னா ட்யூப்பும் ரிம் டேப்பும் சேர்த்துப் புதுசாப் போடணும்.

பஞ்சர் கடை அண்ணனுங்களே, வெயில்ல நீங்க படுற பாடு தெரியும். கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். காசு வாங்குறதுக்கு முன்னாடி எடுத்த கம்பியை எங்க உள்ளங்கையில வைங்க.