உங்கள் லாரி மோசமா, எங்கள் லாரி மோசமா?

(இடம்: இங்கிலாந்து, லங்காஷயர். லேலண்ட் என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே பழைய லேலண்ட் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் லாரி, பஸ் அருங்காட்சியகம்.

பழனிச்சாமி சங்ககிரிக்காரர், லேலண்ட் காமெட் லாரி ஓட்டி ஓய்ந்தவர். குணரத்தினம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், பக்கத்து ஊரான பிரஸ்டனில் அட்கின்சன் கம்பெனி லாரி ஓட்டி ஓய்ந்தவர். குணரத்தினத்தின் மகனுக்குப் பழனிச்சாமியின் மகளைக் கொடுத்திருக்கிறது. அந்த மகள், "ரெண்டு பேரும் சுற்றிப் பாருங்கள், நான் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன்" என்று போனாள். விவரமான பெண். இன்னும் வரவில்லை.)

பழனிச்சாமி: (வண்டியின் மூக்கைத் தடவி) அட சாமி! மூஞ்சியில் லேலண்ட் என்று எழுதியிருக்கிறது பாருங்க. எனக்குச் சோறு போட்ட பேருங்க இது.

குணரத்தினம்: தொடாதேயுங்கோ சம்பந்தி. தொடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பழனிச்சாமி: வயசுக்காலம் முழுக்கத் தொட்டது. இப்போது தொட்டால்தான் தேய்ந்து போகுமாக்கும்.

குணரத்தினம்: நீங்கள் தொட்டது எண்ணூர் லொறி. இது அசல்.

பழனிச்சாமி: ஏனுங்க, எண்ணூர் வண்டி என்ன போலியா? 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, முதலில் ஆஸ்டின் காரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார்கள். 1951-ல் காமெட் லாரியைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1955-ல் பேரையே அசோக் லேலண்ட் என்று மாற்றிவிட்டார்கள். பேரில் பாதி உங்கள் ஊர்தானுங்களே.

குணரத்தினம்: என் ஊர் பருத்தித்துறை.

பழனிச்சாமி: அங்கேயும் லாரி செய்கிறார்களா?

குணரத்தினம்: வடை செய்கிறார்கள்.

பழனிச்சாமி: சரி, வடை ஊர்க்காரர் எப்படி லாரிக்கு வந்தீர்கள்?

குணரத்தினம்: கணக்காளர் படிப்புக்கென்று வந்தேன். கணக்கு வரவில்லை. லொறி வந்தது.

பழனிச்சாமி: ஊருக்கு என்ன எழுதினீர்கள்?

குணரத்தினம்: "போக்குவரத்துத் துறையில் கணக்குப் பார்க்கிறேன்" என்று எழுதினேன். பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் மைல் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழனிச்சாமி: கொடுத்து வைத்தவர் நீங்கள். வெள்ளைக்காரன் வண்டி, வெள்ளைக்காரன் ரோடு. மெத்தை மாதிரி போயிருக்கும்.

(குணரத்தினத்தின் முகம் மாறுகிறது. அவர் பட்ட கஷ்டத்தை யாராவது குறைத்துச் சொன்னால் அவருக்கு ஆகாது. பழனிச்சாமிக்கும் அதே வியாதி.)

குணரத்தினம்: மெத்தையா? ஹீட்டரே இல்லாத லொறி சம்பந்தி அது! ஹீட்டர் வைத்தால் டிரைவர் நித்திரை கொண்டுவிடுவான் என்பார் எங்கள் முதலாளி.

பழனிச்சாமி: இந்தக் குளிரிலா?

குணரத்தினம்: இது கோடைகாலம். குளிர்காலத்தில் இரண்டு கால்சட்டை, இருக்கிற சுவெட்டர் எல்லாம், அதற்கு மேல் ராணுவக்காரர் விற்ற பழைய ஓவர்கோட், காலைச் சுற்றிச் சாக்கு. அட்கின்சன் கேபின் ஃபைபர் கிளாஸ், உள்ளே மரச்சட்டம். பெடல் ஓட்டை வழியாகப் பனிக்காற்று நேரே முழங்காலுக்கு வரும். கதவு இடுக்கில் பேப்பரை மடித்துச் செருகுவோம்.

பழனிச்சாமி: படித்துவிட்டா, படிக்காமலா?

குணரத்தினம்: தலைப்புச் செய்தி என் பக்கம் தெரிகிற மாதிரி செருகுவேன்.

பழனிச்சாமி: பேப்பர் செருகுவதற்கு உங்களுக்கு ஒரு கதவாவது இருந்தது. எங்கள் வண்டி கம்பெனியை விட்டு வரும்போது கேபினே கிடையாது. சேஸிஸ், என்ஜின், ஸ்டியரிங், ஆளைச் சேர்த்தால் ஆள். எண்ணூரிலிருந்து ஓட்டி வருகிறவன் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலைக்குத் துண்டு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவான். பூச்சி எல்லாம் வாயிலேதான். அப்புறம் நாமக்கல் பக்கம் கொண்டுபோய் விட்டால், ஆசாரி மரத்தில் கேபின் கட்டி, பூ வரைந்து, பேர் எழுதிக் கொடுப்பார்.

குணரத்தினம்: அப்போ கேபின் கட்டின பிறகு சுகம்தானே?

பழனிச்சாமி: எங்கே சுகம்? என்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி, தொப்பூர் கணவாய். இடது கால் வெந்துவிடும். சாக்கை நனைத்து என்ஜின் மூடிமேல் போடுவோம். ஏற்றம் முடிவதற்குள் சாக்கு மொறமொறவென்று காய்ந்துவிடும். துவைத்த சட்டையைக்கூட அதன்மேல்தான் உலர்த்துவது. ஹீட்டர் வேண்டும் என்று கேட்கிறீர்களே, நான் அனுப்பி வைத்திருப்பேன்.

குணரத்தினம்: எங்களுக்கும் என்ஜின் பக்கத்திலேதான். கையுறையைக் கழற்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பழனிச்சாமி: அப்போ சூடு இருந்திருக்குமே?

குணரத்தினம்: கார்ட்னர் என்ஜின், பாருங்கோ. ஆறு சிலிண்டர், 150 குதிரை. மகா கஞ்சன். டீசலையும் குடிக்காது, சூட்டையும் தராது. முதலாளிமார் அதற்காகவே அதை வாங்குவார்கள். அதைவிட ஒரு கொடுமை, டீசலே உறைந்துவிடும். உள்ளே மெழுகு கட்டிக்கொண்டு குழாயை அடைக்கும். 1962, 63 குளிர்காலத்தில், எனக்கு முந்தின ஆட்கள், எண்ணெய்த் துணியைக் கொளுத்தி டேங்குக்குக் கீழே பிடிப்பார்களாம்.

பழனிச்சாமி: டேங்குக்கு அடியில் தீயா! அந்த ஆட்கள் அப்புறம் இருந்தார்களா?

குணரத்தினம்: டீசல் லேசில் பற்றாது. பெற்றோல் என்றால் கதை முடிந்திருக்கும்.

பழனிச்சாமி: எங்கள் ஊரில் டீசல் உறைந்து நான் பார்த்ததில்லை. குறைந்துதான் பார்த்திருக்கிறேன். ராத்திரி எங்காவது நிறுத்திப் படுத்தால், காலையில் குறைந்திருக்கும்.

(இரண்டு அடி நகர்கிறார்கள். வெள்ளை வண்டி ஒன்று. மேலே பெரிய கண்ணாடி அறை.)

பழனிச்சாமி: இது என்னங்க, மொட்டை மாடியில் ரூம் கட்டியிருக்கிறார்கள்?

குணரத்தினம்: போப்பாண்டவர் வண்டி. 1982-ல் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்தபோது லேலண்ட்காரர் செய்தது. கீழே இருப்பது லொறி சேஸிஸ்தான்.

பழனிச்சாமி: போப்பாண்டவரே நம்ம லேலண்டிலா! ஹீட்டர்?

குணரத்தினம்: அவருக்கு வைத்திருப்பார்கள்.

பழனிச்சாமி: லோடு எவ்வளவு?

குணரத்தினம்: முக்கியமான லோடு, ஒரே ஆள்.

பழனிச்சாமி: அப்போ ஓவர்லோடு ஏற்றாமல் போன ஒரே லேலண்ட் இதுதானுங்க.

குணரத்தினம்: இங்கே ஓவர்லோடு ஏற்றினால் பிடித்துவிடுவார்கள். வேகத்துக்கும் அப்படித்தான். 1957 வரைக்கும் பாரமான லொறிக்கு மணிக்கு 20 மைல்தான் சட்டம். அப்புறம்தான் 30 ஆக்கினார்கள்.

பழனிச்சாமி: எங்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. வண்டியே போகாது.

குணரத்தினம்: (குரலைத் தாழ்த்தி) சம்பந்தி, ஷாப் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பழனிச்சாமி: கடையா?

குணரத்தினம்: மலை! பிரஸ்டனில் ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோ போக, கெண்டல் தாண்டினால் ஏ 6 ரோட்டில் அந்த ஏற்றம். உச்சி 1,300 அடிக்கு மேல். எம் 6 நெடுஞ்சாலை அந்தப் பக்கம் திறந்ததே 1970-ல்தான். அதுவரை இந்தப் பக்கத்தால் ஸ்கொட்லாந்து போகிற லொறி எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். மூடுபனி, பனிமழை, முன்னால் ஒரு லொறி நின்றால் பின்னால் ஊரே நிற்கும். இப்போது உச்சியில், அந்த வழியில் வண்டி ஓட்டின ஆட்களுக்கென்று நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

பழனிச்சாமி: நீங்கள் உயிரோடு இருக்கும்போதேவா?

குணரத்தினம்: பாதி செத்துத்தான் ஏறினோம். கணக்குச் சரிதான்.

பழனிச்சாமி: வளைவு எத்தனை?

குணரத்தினம்: வளைவு... இருக்கும்.

பழனிச்சாமி: எண்ணினதில்லையா? திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற வழி. பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் சீட்டை விட்டு எழுந்து நின்று ஒடிக்க வேண்டும். கிளீனர் கையில் கட்டையோடு கீழே குதித்து, வண்டி பின்னாலேயே நடந்து வருவான். வண்டி திணறி நின்றால் பின் டயருக்குக் கட்டை போடுவான். சில வளைவில் வண்டிக்கு முன்னால் நடந்து போய்விட்டு, எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பான். மேலே போனால் ரோட்டில் யானை நிற்கும்.

குணரத்தினம்: ஷாப்பிலும் நிற்கும்.

பழனிச்சாமி: யானையா?

குணரத்தினம்: செம்மறியாடு.

பழனிச்சாமி: (சிரிப்பை அடக்கத் தெரியாமல்) ஆடுங்களா!

குணரத்தினம்: சரி, அதை விடுங்கோ. இப்போது ஏதோ சொன்னீர்களே, கிளீனர் என்று. உங்களுக்குத் துணைக்கு ஆள் இருந்ததா?

பழனிச்சாமி: பின்னே, இல்லாமல்?

குணரத்தினம்: (பெரிய மலர்ச்சியோடு) எனக்கு ஆள் இல்லை! தனியாள்! கட்டை போடுவதும் நான், கயிறு கட்டுவதும் நான், தார்ப்பாய் மடிப்பதும் நான். மழையில் நனைந்த தார்ப்பாய் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, கிளீனருக்குத்தான் தெரியும்.

(பழனிச்சாமி திகைத்து நிற்கிறார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் போப்பாண்டவர் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறார்.)

பழனிச்சாமி: கிளீனர் இருந்ததும் ஒரு கஷ்டம்தான் சம்பந்தி.

குணரத்தினம்: என்ன கஷ்டம்?

பழனிச்சாமி: அவன் பாடுவானுங்க.

குணரத்தினம்: ...நன்றாகவா?

பழனிச்சாமி: திம்பம் முழுக்க.

குணரத்தினம்: (இரக்கத்தோடு) ஓம். அது கஷ்டம்தான். கியர் எப்படி?

பழனிச்சாமி: கியரைக் கேட்காதீங்க. டபுள் கிளட்ச்.

குணரத்தினம்: எங்களுக்கும் அதேதான்!

பழனிச்சாமி: கிளட்சை மிதி, நியூட்ரலுக்குத் தள்ளு, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை ஒரு உறுமு உறுமு, மறுபடி கிளட்ச், அப்புறம்தான் கீழ் கியர். சத்தம் காதுக்குப் பிடிபட வேண்டும். ஏற்றத்தில் தவறவிட்டால் எந்தக் கியரும் விழாது. வண்டி பின்னால் போகும், கிளீனர் பாட்டை நிறுத்துவான்.

குணரத்தினம்: மேல் கியருக்கு இன்னும் மோசம். கார்ட்னர் என்ஜின் சுற்று இறங்க அவ்வளவு நேரம் எடுக்கும். நியூட்ரலில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு சிகரெட் சுருட்டி முடிக்கலாம் என்பார்கள்.

பழனிச்சாமி: நான் வெற்றிலை போட்டு முடித்திருப்பேன்.

(இருவரும் பேசிக்கொண்டே, வெறுந்தரையில் இடது காலை இரண்டு இரண்டு தடவை மிதிக்கிறார்கள். இடது கை காற்றில் எதையோ பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை ஒன்று நின்று வேடிக்கை பார்க்கிறது.)

பழனிச்சாமி: இறக்கத்தில்? நியூட்ரலில் விட்டுவிடுவீர்களா?

குணரத்தினம்: அது இங்கே கூடாத காரியம்.

பழனிச்சாமி: எங்கள் ஊரில் தற்கொலை என்பார்கள்.

குணரத்தினம்: விட்டீர்களா?

பழனிச்சாமி: நீங்கள்?

(இருவரும் போப்பாண்டவர் வண்டியைப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். திறந்த தட்டு லாரி. மேலே பெட்டிகள், தார்ப்பாய், குறுக்கே கயிறு. கயிறு லேசாகத் தொங்குகிறது.)

குணரத்தினம்: இதென்ன கட்டு? இப்படிக் கட்டினால் முதல் ரவுண்டானாவிலேயே பெட்டி எல்லாம் நடைபாதையில் இருக்கும்.

பழனிச்சாமி: அவிழ்த்துக் கட்டுங்க, பார்ப்போம்.

குணரத்தினம்: தொடக்கூடாது என்று பலகை.

பழனிச்சாமி: கயிற்றைத் தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறதா?

(எழுதியிருக்கவில்லை. குணரத்தினம் இந்தப் பக்கம், பழனிச்சாமி அந்தப் பக்கம். மேலிருந்து வரும் கயிற்றில் ஒரு சின்னக் கண்ணி. அதன் கீழே தொங்கும் வளையத்துக்குள் கயிற்றை விட்டு, தட்டின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டல். முனையைப் பிடித்து உடம்பின் கனம் முழுவதையும் போட்டு ஓர் இழுப்பு. கயிறு விண்ணென்று நிற்கிறது. இருவரும் வண்டியைச் சுற்றி வந்து, ஒருவர் போட்டதை மற்றவர் குனிந்து பார்க்கிறார்கள்.)

பழனிச்சாமி: என் முடிச்சுங்க இது!

குணரத்தினம்: டொலி முடிச்சு. பிரஸ்டனில் ஒரு கிழவர் எனக்குக் காட்டித் தந்தது. நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள்?

பழனிச்சாமி: பேரெல்லாம் வைக்கவில்லை. "இழு" என்போம்.

குணரத்தினம்: வெள்ளைக்காரன் லொறியோடு சேர்த்து முடிச்சையும் அனுப்பியிருக்கிறான்.

பழனிச்சாமி: கேபினையே அனுப்பாத ஆள், முடிச்சை அனுப்பினாராக்கும்! எங்கள் தாத்தா வைக்கோல் வண்டிக்குப் போட்ட முடிச்சுங்க இது. வேண்டுமானால் இங்கிருந்து வந்தவன் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

குணரத்தினம்: அப்படிப் பார்த்தால் பருத்தித்துறைத் தோணிக்காரர்...

(பின்னால் ஒரு செருமல். அருங்காட்சியகத்துத் தொண்டர் ஒருவர், இவர்கள் வயது இருக்கும், இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.)

பழனிச்சாமி: நீங்கள்தான் அவிழ்த்தீர்கள் என்று சொல்லுங்க.

குணரத்தினம்: நீங்கள்தான் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

(தொண்டர் முடிச்சை இழுத்துப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார். குணரத்தினத்திடம் நீளமாக என்னவோ சொல்கிறார்.)

பழனிச்சாமி: போலீஸா?

குணரத்தினம்: இல்லை. இவரும் லொறிக்காரராம். நம்முடைய வண்டிகளைப் பற்றிச் சொன்னேன். தன்னுடையதுதான் மூன்றிலும் மோசம் என்கிறார்.

பழனிச்சாமி: வந்து நின்ற உடனேயா! ஹீட்டர்?

குணரத்தினம்: இல்லையாம்.

பழனிச்சாமி: அது உங்களுக்கும் இல்லை. கிளீனர் இருந்தானா என்று கேளுங்க.

குணரத்தினம்: (கேட்டுவிட்டு) இருந்தானாம். பின்னால் டிரெய்லர் கொளுவின வண்டிக்குத் துணையாள் ஒருவன் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டமாம்.

பழனிச்சாமி: பாடுவானா?

குணரத்தினம்: (கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்து) பாடமாட்டானாம். அக்கார்டியன் வாசிப்பானாம்.

பழனிச்சாமி: கேபினுக்குள்ளேயா?

குணரத்தினம்: ஷாப் முழுக்க.

பழனிச்சாமி: (தொண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி) இவர் வண்டிதானுங்க மோசம்.