காலையில் யார் கதவைத் திறப்பது?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பார்வர்டு வந்தது. நாட்டின் முதல் பத்துப் பணக்காரர்கள் சொத்தில் பாதியைக் கொடுத்துவிட்டால் வறுமையே இருக்காதாம். அதற்குக் கீழே சித்தப்பா, "கொடுத்தா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்று எழுதி, கை கூப்பும் படத்தையும் போட்டிருந்தார். அவரிடம் குழுவிலேயே வாதாடினால் பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் முகநூலில் இல்லை.

நான் காரைக்குடிக்காரன். அப்பா வயரிங் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டு வீடுகளுக்குள் நிறைய நுழைந்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வீடுகள்தான். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியிலிருந்து வந்த பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். கை வைத்தால் கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கும். முகப்பில் நுழைந்து, நடுமுற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று நடந்துகொண்டே இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் போய்த் திறக்கும்.

அப்படி ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார். வீட்டின் கடைசிக் கட்டுக்குள், அடுப்படியை ஒட்டிய ஓர் அறையில் அவருடைய மொத்தக் குடித்தனமும் அடங்கிவிட்டது. ஒரு கட்டில், ஒரு டிரான்சிஸ்டர், மருந்து டப்பா. மற்ற அறைகளெல்லாம் பூட்டியே கிடந்தன. வளவில் வௌவால் புழுக்கை. அப்பா பழைய ஒயரைப் பிடுங்கிக்கொண்டே, "முகப்புக்கும் ஒரு லைன் இழுத்துவிடட்டுமா ஆச்சி?" என்று கேட்டார்.

"முகப்புக்கு யாரு வர்றா தம்பி? அடுப்படிக்கு மட்டும் போடுங்க."

ஆச்சி சலிப்பாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரரிடம் கால் கிலோ போதும் என்கிற தொனிதான். ஆனால் அன்று மாலை சைக்கிளில் திரும்பும்போது அப்பா வாயே திறக்கவில்லை. ஒரு வாய்ப்பு கிடைத்தால் பெரிய வீடாகக் கட்டவேண்டும் என்று அதுவரை அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

சரி, பணம் நிம்மதி தராது என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகையா என்று கேட்பீர்கள். இல்லை. அது பணமில்லாதவர்களைத் தட்டிக்கொடுக்கச் சொல்கிற பேச்சு, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்து போகாமல் இருப்பது பெரிய நிம்மதி. அதைப் பணம் தரும். ஆச்சியின் மருந்து டப்பாவும் பணத்தில் வந்ததுதான். நான் கேட்பது அந்த மற்ற அறைகளைப் பற்றி.

அந்த அறைகள் எப்படி வந்தன என்பதும் கதைதான். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடல் கடந்து 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்ய, போனார்கள். பர்மாவில் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. வட்டியும் அசலும் ஒழுங்காக வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. அங்கே நிலம் இழந்த குடியானவனுக்கு நம் ஊர்க்காரர்கள் மேல் என்ன பாசம் இருந்திருக்கும்? அப்புறம் 1942-இல் ஜப்பான் படை வந்தது, சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, கணக்குப் புத்தகம் மட்டும் மிஞ்சியது. வீடு கட்டியவர்களின் பேரன்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தூணும் கதவும் மரப் பாத்திரமான மரவையும் ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி அதே ஊரில் இருக்கிறது. நான் படித்த கல்லூரி.

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் சாவதானமாகப் பேச முடியாது, குரல் தானாகவே இறங்கிவிடும். கேரளத்தில் நூற்பாலை, சொந்தமாக விமான நிறுவனம் என்று ஓடிய மனிதர். 1947-இல் சென்னையில் அன்னிபெசன்ட் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதியுள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசுகிறார். அங்கேயே எழுந்து காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்துவிட்டார் அழகப்பர். அதே ஆண்டு காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கே வருவது என்று பேச்சு நடந்தபோது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கேழ்வரகு விளைவதற்கே மழையைப் பார்த்துக் கிடந்த பூமியில் 1953-இல் தேசிய ஆய்வகம் திறந்தது. பெண்கள் கல்லூரிக்காகத் தான் குடியிருந்த வீட்டையே காலி செய்து கொடுத்தார் என்பார்கள். 1957-இல் போய்விட்டார், 48 வயது நிறையவில்லை.

இந்த இடத்தில் சித்தப்பா இருந்திருந்தால், "அதைத்தானே நானும் சொல்றேன்" என்று தொடையில் தட்டியிருப்பார்.

ஆனால் சித்தப்பா, அந்தக் கல்லூரியின் பெயர்ப் பலகையை ஒருதரம் நிதானமாகப் படியுங்கள். அழகப்பா அரசு கலைக் கல்லூரி. பொறியியல் கல்லூரிக்குப் போனால் அங்கேயும் பெயரின் நடுவில் ஓர் 'அரசு' உட்கார்ந்திருக்கும். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு மாதம் முதல் தேதி சம்பளம் எங்கிருந்து வந்தது? ஆய்வகத்தில் இன்று ஒரு விஞ்ஞானி பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு யார் கொடுக்கிறார்கள்? வரிப்பணம். அழகப்பர் கொடுத்தது நிலம், கட்டடம், முதல் உந்து. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அது இல்லாவிட்டால் நான் அப்பாவின் பையைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டிருப்பேன். ஆனால் கட்டடத்தை ஒருதரம் கட்டிவிடலாம். காலை ஒன்பது மணிக்குத் தினமும் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, கரும்பலகையைத் துடைத்து, வாத்தியார் வந்து நிற்க வேண்டும். எழுபது எண்பது வருடம் அப்படி நிற்க வேண்டும். அது எந்தச் செல்வந்தரின் கையிலும் இல்லை. அது நடக்காமல் போயிருந்தால் கல்லூரியும் ஊரிலிருக்கிற நூற்றுக்கணக்கான பூட்டிய வீடுகளில் ஒன்றாகியிருக்கும். தேக்கு கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஆண்ட்ரூ கார்னகிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 2,500 நூலகங்களுக்குக் கட்டடம் கட்டப் பணம் கொடுத்தார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. இடம் ஊரார் தரவேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் வரியிலிருந்து நூலகத்துக்கு ஒதுக்கவேண்டும், சம்மதமென்றால் காசு. கறாரான வியாபாரி! அவருடைய காசின் அந்தப் பக்கத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. 1892-இல் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் கூலி வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம், வெளியிலிருந்து கூட்டி வந்த தனியார் காவலர்களோடு துப்பாக்கிச் சண்டை, இரண்டு பக்கமும் சாவு. முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில். சில வருடம் கழித்து அதே ஆலைக்குப் பக்கத்தில் அழகான நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு மணி நேரம் உலையடியில் நின்றவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பானா, புத்தகத்தை எடுப்பானா? கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருந்தால் நூலகத்தை அந்த ஊர்க்காரர்களே கட்டியிருப்பார்களோ என்னவோ.

எனக்கு உறுத்துவது இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய கூட்டத்துக்கு அழகப்பர் காய்ச்சல் என்று வராமல் இருந்திருந்தால்? காரைக்குடிக்கு யோகம் இருந்தது, அவர் கோட்டையூரில் பிறந்தார். திருவாடானைப் பக்கமோ முதுகுளத்தூர்ப் பக்கமோ ஒரு பையன் படிக்க, அங்கேயும் ஒரு கோடீஸ்வரர் பிறந்து, அவருக்கும் கொடுக்கிற மனம் வாய்க்க வேண்டுமா? அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனது காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்து மதியச் சோறு போட்டதால். சோற்றுக்கு ஊர்க்காரர்களும் அரிசி பருப்பு தந்தார்கள், உண்மை. ஆனால் நாளைக்குச் சோறு உண்டா என்பது யாருடைய தாராளத்தையும் நம்பி நிற்கவில்லை. அந்த வித்தியாசம் பசித்த பிள்ளைக்குத் தெரியும்.

அழகப்பருக்கு மனநிறைவு இருந்ததா? இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. வீட்டைக்கூட வைத்துக்கொள்ளாத மனிதரிடம் பூட்டிவைக்க அறை ஏது? ஆனால் அது அவருடைய நிறைவு. அதை ஊரின் நிறைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்தான் சித்தப்பாவோடு எனக்குத் தகராறு. பத்துப் பேர் பாதியைக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் வரியை ஒழுங்காகக் கட்டட்டும், ஆளுக்குக் கூலியை ஒழுங்காகக் கொடுக்கட்டும். மிச்சத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஆச்சி போய்ப் பல வருடமாகிறது. வீட்டில் பங்குள்ள நண்பர் ஒருவர் நேற்று பேசினார். இரண்டாங்கட்டில் ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறதாம். செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று பங்காளிகள் குழுவில் போட்டிருக்கிறார். நாற்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். ஒருவர் ஹூஸ்டனிலிருந்து, அந்தத் தூண்களுக்கு இப்போது என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறார்.