டன்பிரிட்ஜ் மேஜை: ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் விக்டோரியா காலத்தில் செய்த டன்பிரிட்ஜ் மேஜைகளில் இருக்கிற பூ, கட்டடப் படமெல்லாம் லட்சக்கணக்கான மரத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் பதித்தது, பச்சை நிறம் சாயம் பூசியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். துணுக்குகளின் எண்ணிக்கை பொய்யில்லை. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் அந்த ஊர்க் கைவினைஞர் எட்மண்ட் நை வைத்த மேஜையிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் செய்த விதம் அப்படியில்லை. கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்து, அதன்படி வெவ்வேறு நிற மரக் குச்சிகளை வரிசையாக அடுக்கி, பசை போட்டு ஒரே கட்டையாக ஒட்டிவிடுவார்கள். அந்தக் கட்டையின் நுனியைப் பார்த்தால் முழுப் படமும் தெரியும். அப்புறம் என்ன, குறுக்கே மெல்லிய தகடுகளாக அறுக்க வேண்டியதுதான், ஒவ்வொரு தகட்டிலும் அச்சு அசலாக அதே படம். அதை மேஜைப் பலகைமேலோ பெட்டிமேலோ ஒட்டி இழைத்து மெருகு போடுவார்கள், அவ்வளவுதான். ஒரே பூக்கரை பத்துப் பெட்டிகளில் காணப்படுவதற்குக் காரணமும் இதுதான்.

பச்சை விஷயம் இன்னும் சுவாரசியம். காட்டில் விழுந்து கிடக்கும் ஓக் மரத்தில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால் மரமே நீலப்பச்சையாக மாறிவிடும், அதைத் தேடி எடுத்துதான் இலைக்கும் புல்லுக்கும் வைத்தார்கள். சாம்பல் நிறத்துக்கு டன்பிரிட்ஜ் வெல்ஸின் இரும்புச்சத்துள்ள ஊற்றுநீரில் மரத்தை ஊறவைத்தார்கள். அதை வேண்டுமானால் சாயம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.