சுராங்கனி படப்பாட்டு மட்டும் இல்லை

தம்பி, ஒரு சின்னத் திருத்தம். ‘சுராங்கனி இளையராஜா போட்ட மெட்டு, இப்போதைய பிள்ளைகளுக்குச் சினிமாவால்தான் தெரியும்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அது வந்தது சரி. ஆனால் அதற்கு முன்பே ஏ. ஈ. மனோகரன் பாடி இலங்கையில் பிரபலமாகிவிட்ட பைலாப் பாட்டு அது; பைலா என்றால் இலங்கையின் துள்ளலான ஆட்டப்பாட்டு வகை. அவரைச் சிலோன் மனோகர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே தெரியும்.

என் மகள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தால் ஆட்டோவில் போகும்போது நான் முன்சீட்டில் தட்டித் தட்டிப் பாடியதைக் கேட்டுப் பிடித்தவள். பாட்டில் வரும் ‘மாலு’ சிங்களத்தில் மீன் என்று சொன்ன பிறகு, மீன்காரர் ஹோர்ன் அடித்தாலே அந்த வரியைத் தொடங்கிவிடுகிறாள்.