சம்பளமில்லாத பயிற்சி யாருக்குக் கட்டுப்படியாகும்?

திறமை இருந்தால் வேலை தானாக வரும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திறமையைக் காட்ட முதலில் உள்ளே போக வேண்டுமே! எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள், அதைத் தரும் இன்டர்ன்ஷிப்போ பல இடங்களில் சம்பளம் இல்லாதது, அத்தனை மாதம் வீட்டில் யாராவது செலவைப் பார்த்துக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்க முடியும், முடியாத பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள், அப்புறம் அந்த அனுபவம் இந்தத் துறைக்கு உதவாது என்று அவர்களையே ஒதுக்குகிறார்கள். ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் நிறுவனம், சில நாள் தொழிற்பள்ளி என்று தொழிற்பயிற்சி நடக்கிறது, முதல் ஆண்டிலிருந்தே ஊதியம் உண்டு. 2020 முதல் அதற்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமே வைத்திருக்கிறது. சரி, அங்கே பல மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கு ஊதியம் என்பதை எந்த நாடும் உடனே கட்டாயமாக்கலாம்.