ஜூன் 5 மரக்கன்றும் பங்குனி ஆமையும்

ஒவ்வொரு ஜூன் 5-ஆம் தேதியும், அதாவது உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, என் டைம்லைனில் ஒரே படம்தான் ஓடுகிறது. சட்டை கசங்காத ஒரு சிறப்பு விருந்தினர், அவர் கையில் மரக்கன்று, சுற்றிலும் யூனிஃபார்மில் பிள்ளைகள், அதில் ஒருவர் கையிலும் மண் ஒட்டியிருக்காது. சென்னை மாதிரி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊரில் உருப்படியான மழை அக்டோபர் பாதிக்கு மேல்தான் வரும், அதுவரை அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அப்புறம் ஓவியப் போட்டி, வாசகப் போட்டி, தெர்மோகோலில் பூமி உருண்டை. (பூமியைக் காப்பாற்ற தெர்மோகோல்!)

பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு ஊட்டியது போதும், வேலை கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. அவர்கள் வராவிட்டால் நின்றுபோகிற மாதிரியான வேலை.

முடியுமா என்று கேட்பவர்கள் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்து பாருங்கள். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரியில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை வகை) முட்டையிடக் கரையேறத் தொடங்கியதும் நீலாங்கரையிலிருந்து ராத்திரி முழுக்க மணலில் நடக்கிறார்கள். ஆமை போன தடத்தைப் பிடித்து, குழியைக் கண்டுபிடித்து, நூறு, நூற்றிருபது முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும். ஒன்றரை மாதத்துக்குமேல் காத்திருந்தால் குஞ்சுகள் வெளியே வரும். வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். ஒரு காலத்தில் அது கடல் பக்கம், இப்போது தெருவிளக்குப் பக்கம்.

இதில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்பதை உயிரியல் புத்தகத்தில் படிப்பதும் கையில் தெர்மாமீட்டரோடு பொரிப்பகத்தில் நிற்பதும் ஒன்றா? ஒரு வகுப்பு தங்கள் பக்கத்துக் கடற்கரையில் எத்தனை விளக்கு கடலைப் பார்த்து எரிகிறது என்று எண்ணி, ராத்திரி அவற்றை அணைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு போட்டால் அது குடிமையியல். பதில் வராவிட்டால் அதுவும் குடிமையியல்தான்.

ராத்திரி நடைக்கு எந்த அப்பா அம்மா அனுப்புவார்கள் என்பது நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகள் அதற்குப் போக வேண்டாம், குஞ்சுகளைக் கடலில் விடுவது பெரும்பாலும் சாயங்காலம்தான், அதற்கு வரலாம். சீசன் சரியாகப் பொதுத்தேர்வு நேரத்தில் வருவதால் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் விட்டுவிடுங்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் சும்மாதானே இருக்கிறார்கள் (டியூஷன் சென்டர்கள் மன்னிக்க).

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். நகரத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வந்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு "ஆமையைக் காப்போம்" என்று பாடம் எடுக்க வைக்காதீர்கள். காற்று, நீரோட்டம், எந்த வலையில் என்ன மாட்டும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் பேசுகிற விஷயம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது விரல் நீண்டது இழுவலை போடும் விசைப்படகுகள் பக்கம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் அவை மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் மீறப்படுவதால் நஷ்டம்தான். ஊரூர் குப்பத்துப் பிள்ளை சொல்ல, கான்வென்ட் பிள்ளை குறிப்பெடுக்கட்டும், கொஞ்ச நாளைக்கு அப்படி இருந்து பார்ப்போம்.

இதைப் படிக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால், டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசி, வனத்துறையையும் ஆமை நடையை நடத்துகிறவர்களையும் தொடர்புகொள்ளுங்கள். நாமே போய்க் குழி தோண்டிவிடலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கடலாமை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் முட்டையைத் தொட்டால் வழக்குதான்.